பச்சைக் குழாய்

எங்கள் பக்கத்தில் வான் வண்டிக்குள் இருக்கும் ஹீற்றர் குளிருக்கு அல்ல. நெடுங்கேணியில் மார்கழி மாதத்தில்கூட யாரும் அதைக் குளிருக்குப் போட்டதில்லை. எஞ்சின் சூடேறி, சூடு காட்டும் முள் சிவப்பை நோக்கிப் போகும்போது கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஹீற்றரை முழுதாகத் திறப்போம். எஞ்சினின் சூடு ஆட்கள் இருக்கும் பக்கம் வந்து கொட்டும். ஆட்கள் வேர்த்து வழிவார்கள், எஞ்சின் பிழைத்துக்கொள்ளும். பழைய யப்பான் வான் ஓட்டுகிற எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

வான் பாலன் அத்தானுடையது. அத்தான் என் அக்கா விமலேஸ்வரியின் புருசன். கிளிநொச்சியில் தையல் ஆலையின் இரவு வேலையை விட்டுவிட்டு நான் வந்ததிலிருந்து வானை நான்தான் ஓட்டுகிறேன், நான்தான் திருத்துகிறேன். செவ்வாயும் வெள்ளியும் அக்காவை வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் நின்றுவிட்டன. மெசினில் போட்டு இரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்புவார்கள்.

போன வியாழக்கிழமை, முன் சீற்றில் இருந்த அத்தானின் காலில் கொதிதண்ணீர் சொட்டியது. அவர் துள்ளிய துள்ளலில் தலை கூரையில் இடித்தது. வீட்டுக்கு வந்து டாஷ்போட்டைக் கழற்றி, ஹீற்றரின் உள்பெட்டியை வெளியே எடுத்தேன். சின்ன றேடியேற்றர் மாதிரி இருக்கும். பெருவிரலால் அழுத்தினேன். தகடு உதிர்ந்தது. அரிந்து பார்த்தால் குழாய்க்குள் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்து, அதற்குப் பின்னால் செம்பு பச்சையாக அரித்துப்போய்க் கிடந்தது. வாங்கிய நாளிலிருந்து வானுக்குக் கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்றினோம். தண்ணீருக்குப் பதிலாக ஊற்றக் கூலன்ற் என்று ஒன்று இருப்பது தெரியும். எங்கள் தெருவில் அதை ஊற்றிய ஒருவரையும் தெரியாது.

அக்கா வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னடா, எங்கட கேத்திலுக்குள்ள கிடக்கிற மாதிரிக் கிடக்கு?"

"அதே தண்ணிதானே."

"அப்ப எனக்குள்ளயும் இப்பிடித்தான் கிடக்கும். நீ கழற்றி எறிஞ்சுபோட்டாய். ஆஸ்பத்திரிக்காரருக்கு அந்த மூளை இல்லை."

புது உள்பெட்டி இந்த வானுக்கு இனிக் கிடைக்காது. பெட்டியை விட்டுவிட்டு, எஞ்சினிலிருந்து அதற்குப் போகும் வாயையும் திரும்பி வரும் வாயையும் ஒரு துண்டுக் குழாயால் நேரே இணைத்துவிட்டால் வான் ஓடும். ஹீற்றர் இருக்காது, அவ்வளவுதான். அதற்கு ஒரு முழம் றப்பர் ஹோஸ் வேண்டும். புளியங்குளத்தில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் றிப்னாஸ் நானாவிடம் போனேன்.

"இந்த அளவு முடிஞ்சுது தம்பி. வவுனியாவிலயிருந்து திங்கள் வரும்."

"வேறை ஏதும் போடேலாதா?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "தோட்டக் குழாயை மட்டும் வெட்டிப் போட்டிடாதீங்க. உங்கட பக்கத்து ஆக்கள் எல்லாரும் அதைத்தான் செய்யிறது. பிறகு எஞ்சினைத் தூக்கிக்கொண்டு என்னட்டத்தான் வாறது."

வெள்ளிக்கிழமை வான் பிரித்தபடியே கிடந்தது. ஓட்டோ பிடிப்போம் என்று அத்தான் சொன்னார். அக்காதான் மறித்தாள். ஒரு நாள் விட்டால் ஒன்றும் ஆகாது, செவ்வாய் போவோம் என்றாள். அவள் சொல்லும்போது உசாராகத்தான் இருந்தாள். ஞாயிறு அவளால் செருப்புப் போட முடியவில்லை. கால் அவ்வளவு வீங்கிவிட்டது. திங்கள் அவள் படுக்கவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று கதிரையில் சாய்ந்தே இருந்தாள். திங்கள் ஹோசும் வரவில்லை.

மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பச்சைக் குழாய் கிணற்றடியில் சுருட்டிக் கிடந்தது. நல்ல தடிப்பு, உள்ளே நூல் பின்னியது. ஒரு முழம் வெட்டினேன். கிளிப் இறுக்கி, எஞ்சினை முற்றத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. முள் நடுவில் நின்றது.

"பம்ப் ஹோசை வெட்டினது ஆர்?" என்று அத்தான் கிணற்றடியிலிருந்து கத்தினார்.

செவ்வாய் காலை புறப்பட்டோம். அத்தான் உழவுக்குப் போய்விட்டார். நானும் அக்காவும் மட்டும். இந்த வானில் எஞ்சின் முன் சீற்றுக்கு அடியில் இருக்கிறது, அங்கே இருந்தால் தொடை வேகும். அதனால் அவள் எப்போதும் நடுச் சீற்றில், கண்ணாடியோரம். பக்கத்தில் ஒரு சொப்பிங் பாக் நிறையப் பாலைப்பழம் வைத்திருந்தாள்.

"இதென்னத்துக்கு? உனக்குப் பழமே தின்னக்கூடாதெண்டு சொல்லியிருக்கு."

"எனக்கில்லை. பாத்தும்மாக்காவுக்கு."

பாத்தும்மா மெசினில் அக்காவுக்குப் பக்கத்துக் கட்டில். முல்லைத்தீவிலிருந்து வருகிறவர். நாலு மணித்தியாலம் இருவரும் அருகருகே படுத்துக் கதைத்துக்கொண்டிருப்பார்கள்.

"அவாவுக்கும் கூடாதுதானே?"

"கூடாதுதான். ஒண்டைத் தின்னட்டன், மிச்சத்தை மணந்து பாக்கட்டன். பாலைப்பழம் பாத்து எத்தினை வருசமெண்டு கேட்டா. நீ ஓட்டு."

அவள் ஒரு வசனத்தை இரண்டு மூச்சில் சொன்னாள். நான் கண்ணாடியில் பார்த்தேன். உதடு நிறம் மாறியிருந்தது.

நெடுங்கேணி தாண்டினால் புளியங்குளம் வரைக்கும் பெரும்பாலும் காடு. அந்தப் பாதையில் பாதிக்கு மேல் தொலைபேசி வேலை செய்யாது. ஆனி மாத வெயில் காலையிலேயே தார் மேல் நெளிந்தது. நான் வேகமாகப் போனேன். அக்காவின் மூச்சு எஞ்சின் சத்தத்துக்கு மேலாகக் கேட்கத் தொடங்கியிருந்தது. அவளுக்காகத்தான் வேகமாகப் போனேன், வேகமாகப் போனதால்தான் எஞ்சின் சூடேறியது.

முதலில் முள் நடுக்கோட்டைத் தாண்டியது. நான் காலைக் கொஞ்சம் எடுத்தேன். அது இறங்கவில்லை. ஒரு சின்ன மதகைக் கடந்தபோது முள் சிவப்புக்குக் கிட்ட நின்றது. என் கை தானாகப் போய் ஹீற்றர் பிடியை முழுதாக இழுத்தது. காற்று வந்தது. சாதாரணக் காற்று. அந்தப் பிடிக்குப் பின்னால் இப்போது ஒன்றும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சீற்றுக்கு அடியில் ஏதோ வெடித்தது. பெரிய சத்தமில்லை, கன்னத்தில் அறைந்த மாதிரி. காலடியிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பி முன்கண்ணாடியை மூடியது. வானை ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தினேன்.

"என்னடா?"

"ஹோஸ்."

"எந்த ஹோஸ்?"

"அதுதான்."

அக்கா மூச்சை இழுத்துவிட்டு, "மிளகாய்க்கு விட்டதை எனக்கும் விட்டிருக்கிறாய்," என்றாள்.

முன் சீற்றைத் தூக்கினேன். பச்சைக் குழாய் கூழாக இளகி, தவளையின் தொண்டை மாதிரி ஊதி, ஓரத்தில் பிளந்திருந்தது. தொலைபேசியை எடுத்துப் பார்த்தேன். கவரேஜ் இல்லை. காலை பஸ் எங்களுக்கு முன்னாலேயே போய்விட்டது. நடந்து போய் எங்காவது கவரேஜ் பிடித்து அம்புலன்சுக்கு அடிக்கலாம். அதற்குள் அவளுக்கு என்ன ஆகும் என்று தெரியாது. பிந்திப் போனால் மெசினை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். இன்றைக்கும் தவறினால் அவள் வெள்ளிக்கிழமையைக் காண்பாள் என்று நான் நம்பவில்லை. இது அவளுக்கும் தெரியும். அதனால்தான் அவள் பகிடி விட்டுக்கொண்டிருந்தாள்.

குழாய் இல்லாவிட்டால் இரண்டு வாயையும் அடைத்துவிடலாம். வீதியோரத்தில் ஒரு பாலைக் கொப்பை முறித்து, மடக்குக் கத்தியால் இரண்டு கட்டை சீவினேன். முதலாவது பிளந்துவிட்டது. இன்னொன்று சீவினேன். வானில் கிடந்த சைக்கிள் ரியூப் துண்டைச் சுற்றி, எஞ்சின் பக்கத்து ஹோஸ் வாய்களுக்குள் இறுக்கி, கிளிப்பைப் போட்டு முறுக்கினேன். கையில் இரண்டு இடத்தில் தோல் வெந்தது.

இனித் தண்ணீர் வேண்டும். உள்ளே இருந்ததெல்லாம் தாரில் ஓடிவிட்டது. அக்காவிடம் ஒரு சின்னப் போத்தல் இருந்தது, ஒரு நாளுக்கு அவளுக்கு அளந்தது.

"என்னட்டக் கேட்டால் தருவன்," என்றாள். காலைக் காட்டினாள். "இதுக்குள்ள எத்தினை லீற்றர் கிடக்கு. ஓட்டை போட்டு எடு."

"சும்மா இரு அக்கா."

"மதகுக்கடியில தண்ணி கண்டனான். போ. நான் எங்க ஓடப்போறன்?"

வெற்று எண்ணெய்க் கானைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தேன். மதகுக்குக் கிட்டப் போனபோதுதான் வீதியில் யானை லத்தி கிடந்ததைக் கண்டேன். ஈரமாக இருந்தது. ஆவி பறக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோடையில் வேறு எங்கும் தண்ணீர் இல்லாதபோது இருக்கிற ஒரு குட்டைக்கு யார் வருவார்கள் என்பதை யோசிக்காமல் இறங்கினேன். கானைச் சரித்துப் பிடித்தேன். தண்ணீர் உள்ளே போகும் சத்தம் காடு முழுக்கக் கேட்பதுபோல இருந்தது.

எனக்கு மேலே வீதியில் கொப்பு முறியும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அடிவயிற்றிலிருந்து வரும் ஒரு உறுமல், லொறி தூரத்தில் நிற்கிற மாதிரி. நான் கானோடு மதகுக் குழாய்க்குள் பின்வாங்கி, விளிம்பால் தலையை மட்டும் நீட்டிப் பார்த்தேன்.

அது ஒரு அலியன். தந்தமில்லாத ஆண் யானையை அப்படித்தான் சொல்வோம். தனியனாகத் திரிவது. குட்டைக்குத்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் இறங்காமல் வீதியில் நின்று துதிக்கையை மேலே தூக்கியது. காற்று வான் நின்ற பக்கமிருந்து அடித்தது. அது திரும்பி வானை நோக்கி நடக்கத் தொடங்கியபோது எனக்கு விளங்கியது. பாலைப்பழம்.

இந்தப் பாதையில் போகிறவர்கள் வாகனத்தை நிறுத்தி யானைக்குப் பழம் எறிவார்கள். கோயிலுக்குப் போகிற ஆட்கள் அதைப் புண்ணியம் என்று நினைக்கிறார்கள். அதனால் யானைகளுக்கு வான் என்றால் சாப்பாடு.

நான் கத்தவில்லை. கத்த நினைத்தேன் என்றும் சொல்ல முடியாது. கத்தினால் அது குழம்பும். ஓடினால் துரத்தும். இவை எல்லாம் சரியான காரணங்கள். ஆனால் நான் அசையாமல் இருந்ததற்குக் காரணம் அவை இல்லை.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. தூரத்திலேயே நின்று, திரும்பி, போய்விட்டது. அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

யானை வானின் இடப்பக்கத்தில் நின்றது. அக்கா இருந்த பக்கம். அவளுடைய கண்ணாடி திறந்தே இருந்தது, மூச்சுக்காகத் திறந்து வைத்தது. துதிக்கை உள்ளே போனது. வான் ஒருமுறை ஆடியது. பிறகு ஆடவில்லை. உள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. நான் அவளுடைய மூச்சைக் கேட்கப் பார்த்தேன், அவ்வளவு தூரத்தில் கேட்காது என்று தெரிந்தும். துதிக்கை உள்ளேயே இருந்தது. பழத்தை எடுக்க அவ்வளவு நேரம் தேவையில்லை. வேறு எதையோ தேடுகிறது என்று நினைத்தேன். அக்கா செத்துவிட்டாள் என்றும் நினைத்தேன். அதை நினைத்த பிறகு வேறொன்றும் நினைக்க வரவில்லை.

பிறகு துதிக்கை வெளியே வந்தது, பையோடு. அது பையை வீதியில் போட்டுக் காலால் மெல்ல மிதித்து, பழத்தையும் பொலித்தீனையும் சேர்த்துத் தின்றது. அவசரமே இல்லை. தின்று முடித்தும் நின்றது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வவுனியாவில் யாரோ மணிக்கூட்டைப் பார்த்து, அந்த மெசினுக்கு வேறொரு பெயரைக் கூப்பிடப்போகிறார்கள். கடைசியில் அது வீதியைக் கடந்து மறுபக்கக் காட்டுக்குள் போனது. கொப்புகள் முறிவது கேட்டது, பிறகு கேட்கவில்லை.

நான் கானைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். நெஞ்சு ஏறி இறங்கியது.

"அக்கா."

"எங்கயடா நிண்டனி?"

"மதகுக்குள்ள. பயந்துபோனன்."

"நானும்தான்." கண்ணைத் திறக்காமல் சொன்னாள். இடது கையைத் தூக்கிக் காட்டினாள். மெசின் ஊசி போடுவதற்காக நரம்பைச் சேர்த்துத் தைத்த கை அது. தொட்டால் உள்ளே இரையும். முழங்கை வரைக்கும் சேறும் சளியுமாக இருந்தது. "பையை முதலே நீட்டினனான். எடுக்கேல்லை. இதிலதான் மூக்கை வைச்சது. இரையிற இடத்தில வைச்சுக்கொண்டு அப்பிடியே நிண்டது. என்னெண்டு பாத்ததோ தெரியாது."

"நோகேல்லையா?"

"ஈரமாக் கிடந்தது. நீ தண்ணியை ஊத்து."

றேடியேற்றர் மூடியைத் துணி போட்டுத் திறந்தேன். குட்டைத் தண்ணீர் கலங்கலாக உள்ளே போனது. சாவியைத் திருப்பினேன். எஞ்சின் இருமிவிட்டுப் பிடித்தது. சீற்றைத் தூக்கிக் கட்டைகளைப் பார்த்தேன். ஒன்றின் ஓரத்தில் ஒரு சொட்டுத் தொங்கியது, விழவில்லை.

அதற்குப் பிறகு நான் பாதையைப் பார்த்ததைவிட முள்ளைத்தான் அதிகம் பார்த்தேன். அது நடுவுக்கு மேலே ஏறினால் கியரை விட்டு உருளவிட்டேன். பின்னால் அக்கா துண்டு துண்டாகக் கதைத்துக்கொண்டு வந்தாள். அவள் நிறுத்தினால் எனக்குப் பயம் கூடியது. பாத்தும்மாவிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். பழத்தை யானை பறித்துவிட்டது என்றால் அவா நம்பமாட்டா. நீ வழியில திண்டிட்டாய் எண்டு தன்னைத்தான் பேசுவா. கையைக் காட்டினால் நம்புவா. அதனால் கையைக் கழுவக்கூடாது.

"அங்க கழுவித்தான் ஊசி போடுவினம்."

"அதுக்கு முதல் காட்டுவன்."

புளியங்குளம் சந்தியில் ஏ-ஒன்பது வீதிக்கு ஏறியதும் தொலைபேசி வேலை செய்தது. ஆஸ்பத்திரிக்கு அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. ஓமந்தையில் மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் சக்கரக் கதிரை பிடித்து அவளைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். எங்கள் நேரம் எப்போதோ போய்விட்டது. கதவடியில் தாதி சுமித்திரா நின்றாள். திட்டுவாள், இன்று முடியாது என்பாள் என்று நினைத்தேன். அவள் அக்காவின் காலைப் பார்த்தாள், உதட்டைப் பார்த்தாள்.

"ஏன் அக்கா வெள்ளி வரேல்லை? உங்கட மெசினை மற்ற ஆளுக்குக் குடுத்தாச்சு." பிறகு, "ஒண்டு இருக்கு. கெதியா வாங்கோ," என்றாள்.

கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுமித்திரா அவளைக் கட்டில்களுக்கு நடுவால் தள்ளிக்கொண்டு போய் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"இது பாத்தும்மாக்கான்ர கட்டில் எல்லோ?" என்று அக்கா கேட்டாள். "அவா எங்க? எனக்கு அவாவிட்ட ஒண்டு காட்டவேணும்."

"முதல் ஏறிப் படுங்கோ."

"பிள்ளை, அவா எங்க?"

"அவாவும் வெள்ளி வரேல்லை அக்கா. ஏதோ கலியாணவீடாம், செவ்வாய் வாறன் எண்டு சொன்னவா." சுமித்திரா அக்காவின் முகத்தைப் பார்க்காமல் கை கழுவும் தட்டை இழுத்தாள். "ஞாயிறு மௌத்தாப்போனா. அடக்கியாச்சாம்."

அக்கா ஏறிப் படுத்தாள். கையை நீட்டினாள். சுமித்திரா சேற்றைக் கண்டு, "இதென்ன இது?" என்றாள். அக்கா ஈரப் பஞ்சு அதைத் துடைத்துக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி ஏறியது. மெசின் சுற்றத் தொடங்கியது. அவள் என்னைப் பார்த்தாள். பகிடி ஏதும் சொல்வாள் என்று காத்திருந்தேன்.

நான் வெளியே வந்து, கடைத்தெருவில் சரியான அளவில் றப்பர் ஹோஸ் ஒன்று வாங்கினேன். ஒரு கான் கூலன்றும் வாங்கினேன். நிழலில் வானை விட்டு முன் சீற்றைத் தூக்கினேன். பாலைக் கட்டைகள் சூட்டுத் தண்ணீரில் ஊறிப் பருத்து, வாய்களுக்குள் இறுகிப்போயிருந்தன. வெளியே காய்ந்து கிடந்தன, ஒரு சொட்டும் இல்லை. திருகுசாவியைக் கிளிப்பில் வைத்தேன். கழற்றிவிட்டால் புதியது சரியாக இருக்கவேண்டும். இருக்காமல் போனால் என்று ஒரு நினைவு வந்தது. திருகுசாவியை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். பிறகு சீற்றை இறக்கி மூடினேன்.

பின்னேரம் அக்கா நடந்து வந்தாள். கால் வற்றியிருந்தது. மூச்சு சத்தமில்லாமல் வந்தது. அவள் நடுச் சீற்றுக்குப் போகவில்லை. முன் கதவைத் திறந்து ஏறினாள்.

"அதில சுடும்."

"சுடட்டும். முள்ளு இங்கயிருந்தால்தான் தெரியும்." கதவைச் சாத்தினாள். "ஹோஸ் மாத்தினியா?"

"வாங்கினனான். மாத்தேல்லை."

"ஏன்?"

"கழற்றப் பயமாக் கிடக்கு."

"அப்ப இண்டைக்குக் கழற்றாத. வீட்டை போய்ப் பாப்பம்."

புளியங்குளத்தில் திரும்பிக் காட்டுக்குள் போனோம். வெயில் சரிந்திருந்தது. மதகு தெரிந்ததும் அவள் கண்ணாடியை மேலே ஏற்றினாள். நானும் ஏற்றினேன். உள்ளே அனல் பிடித்தது. பழத்தை மிதித்த இடத்தில் தார் இன்னும் கறுப்பாக ஈரமாக இருந்தது. அதைத் தாண்டும்போது இருவரும் பக்கத்தில் பார்க்கவில்லை.

"வெள்ளி எத்தினை மணிக்கு வெளிக்கிடுறம்?" என்று கேட்டாள்.

"விடியமுதல்."

"அதுக்கும் முதல் வெளிக்கிடுவம்," என்றாள். முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.